தோற்ற வாத்தியாரின் அணி: கான்சாஸில் நான்கு நாட்கள்

முதல் நாள்: கான்சாஸ் சிட்டி

மாலை நான்கு மணிக்கு முனிசிபல் ஆடிட்டோரியத்தின் வாசலில் நின்றோம். கதவு பூட்டியிருந்தது. இன்று உள்ளே எந்த நிகழ்ச்சியும் இல்லை. "பரவாயில்ல தம்பி, உள்ளே என்ன நடந்ததுன்னு நமக்குத் தெரியுமே" என்றார் சார். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், கட்டடம் முழுவதும் கண்ணில் படுகிற இடத்தில் நின்றுகொண்டார்.

சார் எனக்கு ஆறாம் வகுப்பில் கூடைப்பந்தைக் கையில் கொடுத்த உடற்கல்வி ஆசிரியர். வயது 72. மகளைப் பார்க்க அமெரிக்கா வந்திருக்கிறார். எனக்கு வேலை இந்த நாட்டில்தான் என்பதால், "உங்களை எங்கே கூட்டிட்டுப் போகட்டும் சார்?" என்று போனில் கேட்டிருந்தேன். அருவி, மலை என்று ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தேன். "லாரன்ஸ்" என்றார். கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ், நெய்ஸ்மித்தைப் புதைத்த ஊர்.

கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தான் கான்சாஸ் பல்கலைக்கழக ஆண்கள் அணியின் முதல் பயிற்சியாளர். அந்த அணிக்கு ஜேஹாக்ஸ் என்று பெயர். 1952, 1988, 2008, 2022 என நான்கு முறை அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் பட்டமான என்சிஏஏ பட்டத்தை வென்ற அணி. அணியின் ஊர் லாரன்ஸ். ஆனால் அதன் ஆறாத தோல்வி ஒன்றும், யாருமே எதிர்பார்க்காத வெற்றி ஒன்றும் இங்கே, 65 கிலோமீட்டர் கிழக்கே, இந்த நகரத்தில்தான் நடந்தன. அதனால் இங்கிருந்து தொடங்கினோம்.

தோல்வி இந்த ஆடிட்டோரியத்தில். 1957 மார்ச் 23, இறுதிப் போட்டி. கான்சாஸ் பக்கம் வில்ட் சேம்பர்லின், 7 அடி 1 அங்குலம். எதிரில் அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்காத வட கரோலினா. நடுவர் மேலே எறியும் பந்தை இருவர் எகிறித் தட்டும் தொடக்க ஜம்ப் பாலுக்கு வட கரோலினாவின் பயிற்சியாளர் ஃபிராங்க் மெக்குவையர் அனுப்பியது அணியிலேயே குள்ளமான டாமி கெர்ன்ஸை, 5 அடி 11 அங்குலம். யாரை அனுப்பினாலும் அந்தப் பந்து வில்ட்டுக்குத்தான் என்று அவருக்குத் தெரியும். தோற்கப்போகிற ஒரு ஜம்ப் பாலை வைத்து வில்ட்டின் மனதைக் கொஞ்சம் குலைக்கப் பார்த்தார்.

46-46 என்று முடிந்து ஓவர்டைமுக்குப் போனது. முதல் ஓவர்டைமில் இரு அணிக்கும் இரண்டிரண்டு புள்ளி. இரண்டாவதில் யாருக்கும் ஒன்றுகூட இல்லை. மூன்றாவது ஓவர்டைமில் 6 விநாடி மிச்சமிருந்தபோது ஜோ குவிக் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் உள்ளே போட்டார். 54-53. கடைசியில் வில்ட்டுக்கு உயர்த்திப் போட்ட பாஸையும் அதே குவிக் தட்டிவிட்டார். 23 புள்ளியும், கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடிக்கும் ரீபவுண்ட் 14உம் எடுத்த வில்ட்டைத்தான் தொடரின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள். அது அவருக்கு ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை. பல ஆண்டுகள் அவர் லாரன்ஸ் பக்கம் வராமல் இருந்ததற்கு இந்த ஒரு புள்ளியும் ஒரு காரணம்.

சார் இதையெல்லாம் ஏதோ நேற்றுப் பார்த்துவிட்டு வந்தவர்போலச் சொன்னார். பள்ளியிலும் அப்படித்தான். மழை நாளில் கோர்ட்டில் தண்ணீர் நின்றால் எங்களை வராந்தாவில் உட்காரவைத்து இந்தக் கதைகளைச் சொல்வார். வில்ட் என்ற பெயரை நான் முதலில் கேட்டது அந்த வராந்தாவில்.

அப்புறம் நகரத்தின் மேற்கே, ரயில் பாதைகளும் பழைய கிடங்குகளும் இருக்கும் தாழ்வான பகுதிக்குப் போனோம். கெம்பர் அரீனா அங்கே இருக்கிறது. இப்போது பெயர் மாறி, உள்ளே பல கோர்ட்டுகள் போட்ட விளையாட்டுக் கூடமாகிவிட்டது. 1988இல் கான்சாஸ் இங்கேதான் பட்டம் வென்றது. அந்தப் பருவத்தில் 11 ஆட்டம் தோற்றிருந்தார்கள். அத்தனை தோல்வியோடு வேறு எந்த அணியும் அந்தப் பட்டத்தைத் தொட்டதில்லை. இறுதியில் எதிரணி ஓக்லஹோமா. அதே பருவத்தில் கான்சாஸை ஏற்கெனவே இரண்டு முறை வீழ்த்திய அணி. இடைவேளையில் 50-50. முடிவில் 83-79. டேனி மேனிங் 31 புள்ளி, 18 ரீபவுண்ட். "டேனியும் அற்புதங்களும்" என்று அந்த அணிக்கே பெயர் வந்துவிட்டது.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது மேனிங்கின் அப்பா. எட் மேனிங் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்துவிட்டு, பிறகு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். பயிற்சியாளர் லாரி பிரவுன் அவரை உதவிப் பயிற்சியாளராக வேலைக்கு எடுத்தார், மகனும் கான்சாஸுக்கு வந்தான். மகனை இழுக்கத்தான் அப்பாவுக்கு வேலை கொடுத்தார் என்று அப்போதே பலர் குறை சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மகன் பட்டம் வென்ற இரவில் அப்பா அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் நாள்: லாரன்ஸ்

காலையில் கிளம்பி ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டோம். அக்டோபர் வெயில் இதமாக இருக்கிறது. கான்சாஸ் என்றால் தட்டையான நிலம் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் பல்கலைக்கழகம் நல்ல மேட்டில் இருக்கிறது, மவுண்ட் ஓரியட் என்ற குன்று. சாருக்கு முழங்கால் வலி. ஏறும்போது மூன்று இடத்தில் நின்றோம்.

ஊரின் கடைத்தெருவுக்கு மாசசூசெட்ஸ் தெரு என்று பெயர். 1854இல் இந்த ஊரை உருவாக்கியவர்கள் மாசசூசெட்ஸ் உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியிலிருந்து வந்த அடிமைமுறை எதிர்ப்பாளர்கள். தங்கள் மாநிலத்தின் பெயரைத் தெருவுக்கு வைத்தார்கள். 1863 ஆகஸ்ட் 21 அன்று குவான்ட்ரில் என்பவனின் தலைமையில் வந்த அடிமைமுறை ஆதரவுக் கும்பல் இந்த ஊரைக் கொளுத்தி, 150 பேருக்கு மேல் கொன்றது. அந்தக் காலத்தில் கான்சாஸ் தரப்பில் சண்டை போட்டவர்களுக்கு வழங்கிய பெயர்தான் ஜேஹாக்கர். அணியின் சின்னமான ஜேஹாக் பறவை உலகில் எங்கும் இல்லாதது, கற்பனைப் பறவை. பக்கத்து மாநிலமான மிசௌரியோடு விளையாடும்போது இங்கே ஏன் அத்தனை ஆவேசம் என்பதற்கு இந்தத் தெருவில்தான் விடை இருக்கிறது.

கூடைப்பந்து பிறந்ததும் மாசசூசெட்ஸில்தான், ஸ்பிரிங்ஃபீல்டில், 1891 டிசம்பரில். அங்கே கண்டுபிடித்தவர், ஏழு ஆண்டு கழித்து மாசசூசெட்ஸ் பெயரில் தெரு வைத்திருக்கிற ஊருக்கு வந்து சேர்ந்தார். இந்தப் பொருத்தத்தைச் சாரிடம் சொன்னேன். இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

நெய்ஸ்மித் 1898இல் இங்கே வந்தது கூடைப்பந்து சொல்லிக்கொடுக்க இல்லை. பல்கலைக்கழகத்துக்கு ஒரு உடற்கல்வி ஆசிரியரும் காலை வழிபாட்டை நடத்த ஒருவரும் தேவைப்பட்டார்கள். இறையியல் படித்தவர், டென்வரில் மருத்துவமும் படித்து முடித்தவர், இரண்டையும் ஒருவரே பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்தார்கள். அணி அவருடைய வேலையில் ஒரு ஓரம்தான். முதல் ஆட்டம் 1899 பிப்ரவரி 3, கான்சாஸ் சிட்டி ஒய்எம்சிஏவிடம் 16-5 என்று தோல்வி. ஒன்பது பருவம் முடிந்தபோது அவர் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி.

இந்த அணிக்கு இதுவரை எட்டுத் தலைமைப் பயிற்சியாளர்கள்தான். அந்த எட்டுப் பேரில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம் உள்ள ஒரே ஆள், இந்த விளையாட்டையே உருவாக்கியவர். இங்கே இதை நிறையப் பேர் ஒரு வேடிக்கையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. அவருக்குக் கூடைப்பந்து என்பது குளிர்காலத்தில் பிள்ளைகள் உடம்பை அசைக்க ஒரு வழி. குஸ்தியும் வாள்வீச்சும் இதைவிட நல்ல பயிற்சி என்று நினைத்தவர். ஆட்டத்துக்கு நடுவராக நிற்கவும் போயிருக்கிறார். ஜெயிப்பதற்காக ஒரு அணியைத் தயார் செய்வது என்ற யோசனையே அவர் மனதில் பெரிதாக இல்லை.

குன்றின் மேலே வெள்ளைச் சுண்ணாம்புக்கல் கட்டடங்கள். இந்தக் கல்லைச் "சாக்" என்பார்கள். அணியின் புகழ்பெற்ற முழக்கமான "ராக் சாக் ஜேஹாக் கேயூ" இந்தக் கல்லிலிருந்து வந்தது (கேயூ என்றால் கான்சாஸ் பல்கலைக்கழகம்). 1886இல் பெய்லி என்ற வேதியியல் பேராசிரியர் தன் அறிவியல் மன்றத்துக்காக உருவாக்கியது, கூடைப்பந்து பிறப்பதற்கு ஐந்து ஆண்டு முன்பே. வெற்றி உறுதியான கடைசி நிமிடங்களில் அரங்கமே எழுந்து நின்று, கோயில் மணி அடித்து ஓய்வதுபோல நீட்டி நீட்டி இதைச் சொல்லும். ஹோக் ஆடிட்டோரியத்தின் முகப்பையும் பார்த்தோம். 1927 முதல் 1955 வரை அணி அங்கே விளையாடியது. 1991இல் மின்னல் தாக்கி எரிந்தபோது முகப்பு மட்டும் தப்பியது. அதன் பின்னால் புதுக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள்.

இன்று நான் கட்டாயம் எழுத நினைத்தது ஜான் மெக்லெண்டனைப் பற்றி. 1930களில் இங்கே உடற்கல்வி படிக்க வந்த கறுப்பின மாணவர். அவருக்கு வழிகாட்டி ஆசிரியர் நெய்ஸ்மித்தே. 1936இல் பட்டம் பெற்றார். உடற்கல்வியில் இங்கே பட்டம் வாங்கிய முதல் கறுப்பின மாணவர் அவர்தான். ஆனால் பல்கலைக்கழக அணியில் சேர அவருக்கு அனுமதி இல்லை. அணி வெள்ளையர்களுக்கு மட்டும். விளையாட்டைக் கண்டுபிடித்தவரிடமே நேராகப் பாடம் கேட்டவர், அந்தப் பல்கலைக்கழகத்தின் கோர்ட்டில் அதன் சட்டையைப் போட்டு ஓட முடியவில்லை.

பிறகு அவர் பயிற்சியாளராகி என்னென்ன செய்தார் என்று பார்த்தால், அந்த அணிக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும். பந்து கிடைத்த நொடியில் எதிர்ப்பக்கம் பாய்ந்து ஓடும் வேக ஆட்டத்தையும், கோர்ட் முழுக்க எதிரியை நெருக்கும் தடுப்பாட்டத்தையும் வளர்த்தவர்களில் முன்னோடி அவர். 1944இல் வட கரோலினாவின் டர்ஹாமில், கறுப்பின மாணவர்கள் படித்த தன் கல்லூரி அணியை டியூக் மருத்துவக் கல்லூரியின் வெள்ளையர் அணியோடு பூட்டிய கதவுக்குள் ரகசியமாக மோதவிட்டார். சட்டப்படி நடக்கக் கூடாத ஆட்டம். 88-44 என்று அவர் அணி வென்றது. டென்னசியில் 1957, 58, 59 என்று தொடர்ந்து மூன்று தேசியப் பட்டங்கள்.

கான்சாஸ் அணியில் முதல் கறுப்பின வீரராக லாவன்ஸ் ஸ்கொயர்ஸ் சேர்ந்தது 1950களின் தொடக்கத்தில்தான். 1952 பட்டம் வென்ற அணியில் அவர் இருந்தார். அதற்கு முன் நீண்ட காலம் அணியைக் கட்டி ஆண்டவர் ஃபாக் ஆலன். அவரைப் பற்றி நாளை நிறைய எழுதப்போகிறேன், மரியாதையோடுதான். ஆனால் இந்தக் கணக்கையும் அவர் பெயருக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கிறேன்.

மூன்றாம் நாள்: இரண்டு தாளும் ஒரு அரங்கமும்

இன்று முழுக்க ஒரே வளாகத்தில். டிப்ரூஸ் மையமும் ஆலன் ஃபீல்டுஹவுஸும் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. வெளியே ஓடும் சாலையின் பெயர் நெய்ஸ்மித் டிரைவ்.

டிப்ரூஸ் மையத்தில் நெய்ஸ்மித்தின் 13 விதிகளின் மூலத் தாள்கள் இருக்கின்றன. 1891 டிசம்பரில் தட்டச்சு செய்த இரண்டு தாள்கள். 2010 டிசம்பரில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது, இங்கே படித்த டேவிட் பூத்தும் அவர் மனைவியும் 43 லட்சம் டாலருக்கு எடுத்து இந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அதற்காகவே கட்டிய மையம் 2016இல் திறந்தது. பழுப்பேறிய காகிதம், அங்கங்கே பேனாவால் திருத்தம், கீழே கையெழுத்து. அவ்வளவுதான்.

சார் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். முன்னால் நின்று, ஒவ்வொரு விதியாகத் தமிழில் எழுத ஆரம்பித்தார். "எதுக்கு சார், இதெல்லாம் நெட்ல கிடைக்குமே" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

அவர் எழுத எழுத நானும் கூடவே படித்தேன். பந்தை எந்தத் திசையிலும் ஒரு கையாலோ இரு கையாலோ எறியலாம். தட்டலாம், ஆனால் முஷ்டியால் குத்தக் கூடாது. பந்தோடு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். தோளால் இடிப்பது, பிடித்து இழுப்பது, தள்ளுவது, கால் இடறிவிடுவது, அடிப்பது எல்லாம் தவறு. ஒரே ஆள் இரண்டாவது முறை தவறு செய்தால் அடுத்த கோல் விழும்வரை வெளியே. ஒரு பக்கம் தொடர்ந்து மூன்று தவறு செய்தால் எதிரணிக்கு ஒரு கோல். 15 நிமிடம் ஆட்டம், 5 நிமிடம் ஓய்வு, மறுபடி 15 நிமிடம்.

பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடும் டிரிப்ளிங் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஒரு அணிக்கு எத்தனை பேர் என்றும் கிடையாது. வகுப்பில் 18 பேர் இருந்ததால் பக்கத்துக்கு ஒன்பது பேராகப் பிரித்து ஆடவிட்டார். இரண்டு பெட்டி கேட்டதற்குக் கட்டடப் பணியாளர் கொண்டுவந்து கொடுத்தது பீச் பழக் கூடைகள். அவற்றை ஆணி அடித்து மாட்டிய பால்கனிக் கைப்பிடியின் உயரம் பத்தடி. இன்றும் ரிங் அதே பத்தடியில்தான் இருக்கிறது. முதல் ஆட்டத்தின் முடிவு 1-0.

1939 தொடக்கத்தில் நெய்ஸ்மித் வானொலியில் பேசிய ஒரு பதிவு சில ஆண்டுகளுக்கு முன் கண்டெடுக்கப்பட்டது. முதல் முறை ஆடவிட்டபோது பையன்கள் இடித்து, உதைத்து, குத்திக்கொண்டு கடைசியில் கூடத்தின் நடுவே பெரிய அடிதடியானதை அதில் சொல்கிறார். பந்தோடு ஓடக் கூடாது என்ற விதி அதைத் தடுக்க வந்ததுதான். பந்தோடு ஓடுகிறவனைத்தானே மடக்கி விழத்தாட்டுவார்கள்? ஓடவே கூடாது என்றால் மடக்க வேண்டிய அவசியமும் இல்லை. சார் பேனாவை நிறுத்திவிட்டு இந்த இடத்தை எனக்கு விளக்கினார். 12 விதி எழுதி முடித்தபோது பள்ளி மாணவர்கள் ஒரு கூட்டமாக வந்துவிட்டார்கள். சின்னவர்களுக்கு இடம் விட்டு நகர்ந்தார். நோட்டில் 13 என்ற எண் மட்டும் எழுதி, எதிரே காலியாக இருந்தது.

பிறகு ஃபீல்டுஹவுஸ். வாசலில் பந்தோடு நிற்கும் ஃபாக் ஆலன் சிலை. ஃபாரஸ்ட் ஆலன் என்பது பெயர். பேஸ்பால் நடுவராக நின்றபோது கப்பல் சங்கு (ஆங்கிலத்தில் ஃபாக்ஹார்ன்) ஊதுவதுபோலக் குரல் இருந்ததால் "ஃபாக்" ஒட்டிக்கொண்டது. நெய்ஸ்மித்திடம் ஆடியவர். வேறொரு கல்லூரி அவரைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டபோது, கூடைப்பந்துக்குப் போய்ப் பயிற்சி எதற்கு, அது சும்மா ஆடுவதுதானே என்று நெய்ஸ்மித் சொன்னதாக ஒரு கதை உண்டு. ஆலன் கேட்கவில்லை. 1907 முதல் 1909 வரையும், பிறகு 1919 முதல் 1956 வரையும் கான்சாஸ் அணியை நடத்தி 590 ஆட்டங்கள் வென்றார்.

ஆட்டத்தைத் தாண்டியும் அவர் செய்தது அதிகம். பயிற்சியாளர் சங்கத்தை 1927இல் தொடங்கியவர்களில் முதன்மையானவர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து இடம்பெறப் போராடியவர். 1939இல் நடந்த முதல் என்சிஏஏ போட்டி 2,531 டாலர் நஷ்டத்தில் முடிந்தது. அடுத்த ஆண்டு இறுதிப் போட்டியைக் கான்சாஸ் சிட்டியில், முதல் நாள் நாங்கள் பார்த்த அதே ஆடிட்டோரியத்தில் நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது, லாபம் காட்டினார். அந்த இறுதியில் அவர் அணியே இந்தியானாவிடம் 60-42 என்று தோற்றது வேறு விஷயம். 1952இல் சியாட்டிலில் செயின்ட் ஜான்ஸ் அணியை 80-63 என்று வென்று அவருக்கும் பட்டம் கிடைத்தது. கிளைட் லவ்லெட் அன்று 33 புள்ளி. அதே ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் ஏழு பேர் கான்சாஸ் வீரர்கள்.

உள்ளே நுழைந்தபோது ஆள் நடமாட்டம் இல்லை. வெயில் உயரமான ஜன்னல்கள் வழியாகச் சாய்ந்து தரையில் விழுந்துகொண்டிருந்தது. 1955 மார்ச் 1 அன்று, பக்கத்து ஊர்ப் பகையாளியான கான்சாஸ் ஸ்டேட்டை 77-67 என்று வென்று திறந்த அரங்கம். நீண்ட காலம் 16,300 பேர் உட்காரும் வசதி இருந்தது. கட்டடத்துக்கு ஆலன் பெயர், ஆடும் தரைக்கு நெய்ஸ்மித் பெயர். ஒரு கோடியில் உயரத்தில் அந்தப் பதாகை: உள்ளே வருகிறவர்களே, ஃபாக்கிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று பொருள். 1988இல் மாணவர்கள் விடுதிக் குளியலறைத் திரைகளை வைத்து முதலில் செய்தார்கள். 2017 பிப்ரவரி 13 அன்று இங்கே அளந்த சத்தம் 130.4 டெசிபல், உள்ளரங்கக் கூட்டம் எழுப்பிய சத்தத்தில் உலக சாதனை. இன்று சாரின் செருப்புச் சத்தம் எதிர்ச்சுவர் வரை போய்த் திரும்பி வந்தது.

சிறந்த வீரர்களைக் கௌரவிக்க உத்தரத்தில் தொங்கவிட்ட சட்டைகளில் 13 என்ற எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தோம். வில்ட். ஆலன் அவரைப் பிலடெல்பியாவிலிருந்து கூட்டிவந்தது 1955இல். அப்போது முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக் கூடாது. அதனால் முதலாண்டு அணி பிரதான அணியோடு மோதியது. வில்ட் 42 புள்ளி எடுக்க, சின்னவர்கள் 81-71 என்று வென்றார்கள். ஆனால் வில்ட் பிரதான அணிக்கு வரும்போது ஆலனுக்கு 70 வயது ஆகிவிட்டது, விதிப்படி ஓய்வு. தேடிப் பிடித்து வந்த பையனைத் தன் பெஞ்சிலிருந்து ஒரு ஆட்டம்கூட ஆடவைக்க முடியவில்லை. அந்த இடத்துக்கு வந்த டிக் ஹார்ப் தலைமையில், 1956 டிசம்பரில் முதல் ஆட்டத்திலேயே வில்ட் நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 52 புள்ளி, 31 ரீபவுண்ட் எடுத்தார்.

லாரன்ஸில் அப்போது கறுப்பினத்தவருக்குச் சாப்பாடு பரிமாறாத உணவகங்கள் இருந்தன. வில்ட் அவற்றுக்குள் நேராகப் போய் உட்கார்ந்தார். மெக்லெண்டனுக்குச் சட்டையே கொடுக்காத ஊர், இருபது ஆண்டு கழித்து இன்னொருவருக்குச் சட்டையைக் கொடுத்துவிட்டு நாற்காலி கொடுக்கத் தயங்கியது. 1958இல் படிப்பை முடிக்காமலே கிளம்பிவிட்டார். 1998 ஜனவரி 17 அன்று அவர் சட்டைக்கு ஓய்வு கொடுக்கக் கூப்பிட்டபோது, பழைய கல்லூரிக் கோட்டைப் போட்டுக்கொண்டு இதே தரையில் வந்து நின்றார். அந்த ஒரு புள்ளித் தோல்விக்காகத் தன்னை இந்த ஊர் ஏற்காது என்று நாற்பது ஆண்டு நினைத்திருந்தவருக்கு அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த ஆண்டே அவர் இறந்தார். இதைச் சொல்லும்போது சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்புறம் நாங்கள் கீழ்வரிசையில் உட்கார்ந்து ஒரு வம்சாவளி போட்டோம். சார் விரல்விட்டு எண்ணினார். நெய்ஸ்மித்திடம் ஆலன். ஆலனிடம் அடால்ஃப் ரப், பிறகு கென்டக்கியில் 876 வெற்றி. ஆலனின் 1952 அணியில் பெஞ்சில் இருந்த டீன் ஸ்மித், பிறகு வட கரோலினாவில் 879 வெற்றி. கான்சாஸில் ரப்பும் ஸ்மித்தும் பெரிய ஆட்டக்காரர்கள் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தவர்கள். ஸ்மித்திடம் ஆடிய லாரி பிரவுன் கான்சாஸ் வந்து 1988 பட்டம் வென்றார். ஸ்மித்தின் உதவியாளர் ராய் வில்லியம்ஸ் 15 ஆண்டு இங்கே இருந்து 418 ஆட்டம் வென்றுவிட்டு, 2003இல் வட கரோலினாவுக்கே திரும்பினார். பிரவுனின் உதவியாளராக ஒரு வருடம் இருந்த பில் செல்ஃப் அந்த இடத்துக்கு வந்தார். 2024 நவம்பரில் ஆலனின் 590ஐத் தாண்டியவர் அவர்தான்.

2008 இறுதியில் செல்ஃபுக்கு எதிரே நின்ற மெம்ஃபிஸ் பயிற்சியாளர் ஜான் காலிபரி. அவரும் இளைஞராகக் கான்சாஸில் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர். ஆட்டம் முடிய 2 நிமிடம் 12 விநாடி இருந்தபோது கான்சாஸ் 9 புள்ளி பின்னால். மெம்ஃபிஸ் ஃப்ரீ த்ரோக்களைத் தவறவிட்டுக்கொண்டே வந்தது. 2.1 விநாடி மிச்சமிருக்க மாரியோ சால்மர்ஸ் எறிந்த த்ரீ பாயிண்டர் உள்ளே போனது. 63-63. ஓவர்டைமில் 75-68. அந்த எறிதலை நான் நேரலையில் பார்த்தேன். விடிந்ததும் முதல் வேலையாகச் சாருக்குப் போன் செய்தேன். அவர், "அது இருக்கட்டும், ஃப்ரீ த்ரோ பழகணும்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றார்.

2022இல் வட கரோலினாவிடம் இடைவேளையில் 40-25 என்று பின்தங்கியிருந்து 72-69 என்று வென்றார்கள். இறுதிப் போட்டி வரலாற்றில் அவ்வளவு பின்தங்கிய யாரும் மீண்டதில்லை. 1957இன் அதே எதிரி, இந்த முறை மூன்று புள்ளி வித்தியாசம்.

கறைகளும் உண்டு. ஆட்களைச் சேர்ப்பதில் செய்த விதிமீறலுக்காக 1989இல் பட்டத்தைக் காக்கும் வாய்ப்பே மறுக்கப்பட்டது. 2018இல் அரையிறுதி வரை போனதையும் பிறகு பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். கூடத்தில் பளபளக்கும் கோப்பைகளுக்கு நடுவே நின்றபோது இவையும் நினைவில் இருந்தன.

நான்காம் நாள்: பதினைந்தாம் தெரு

காலையில் லேசாக மழை. பத்து மணிக்கு விட்டது.

மெமோரியல் பார்க் கல்லறைத் தோட்டம் ஊரின் கிழக்கே இருக்கிறது. நெய்ஸ்மித் 1939 நவம்பர் 28 அன்று, 78 வயதில், இதே ஊரில் இறந்தார். கல் எளிமையாக இருக்கிறது. ஈரப் புல்லில் நாங்கள் இருவர் மட்டும்.

பெர்லின் ஒலிம்பிக்கை அவர் நேரில் பார்த்தார் என்பதை நினைத்துக்கொண்டேன். ஆலனும் மற்றப் பயிற்சியாளர்களும் சேர்ந்து ரசிகர்களிடம் நிதி திரட்டி அனுப்பிவைத்தார்கள். இறுதிப் போட்டி திறந்தவெளி மண் கோர்ட்டில், கொட்டும் மழையில் நடந்தது. பந்து தரையில் எழும்பவே இல்லை. அமெரிக்கா 19, கனடா 8. அவர் பிறந்தது கனடாவின் ஒன்டாரியோவில், குடியுரிமை பெற்றது அமெரிக்காவில். எந்தப் பக்கம் வென்றாலும் அவருடைய பக்கம்தான். பந்தைத் தட்ட முடியாத அந்தச் சேற்றில், எறிந்தும் பிடித்தும் மட்டும் ஆடிய அந்த ஆட்டம் அவருடைய இரண்டு தாளில் உள்ள விளையாட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்திருக்கும்.

சார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார். "நான் முப்பத்தோரு வருஷம் டீம் வச்சிருந்தேன் தம்பி. மாவட்டத்தைத் தாண்டினது ரெண்டே தடவை."

"தெரியும் சார். ரெண்டாவது தடவை நான் டீம்ல இருந்தேன்."

"ஆமா. நீ அந்த லே-அப்பை விட்டே."

"விட்டேன் சார்."

அவர் நோட்டை எடுத்தார். ஈரமாக இருந்த கல்லின் விளிம்பைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, நோட்டை அதன்மேல் வைக்காமல் தன் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு, காலியாக விட்டிருந்த 13க்கு எதிரே எழுதினார்: அந்த நேரத்துக்குள் அதிகக் கோல் போட்ட அணி வென்றதாக அறிவிக்கப்படும். எழுதியதை வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்த்தார். "அதிகக் கோல்" என்பதை அடித்துவிட்டு "கூடுதல் கோல்" என்று மாற்றினார்.

ஆலனின் கல்லறை பக்கத்தில் ஓக் ஹில் தோட்டத்தில் இருக்கிறது. காரை எடுக்கிறேன் என்றேன். முழங்காலைத் தடவிக்கொண்டே வேண்டாம் என்று தலையாட்டினார். என் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டார். நடந்தே போனோம்.